“அதனால் என்ன?” – பதினொன்றாம் வகுப்பு இலக்கியக் கட்டுரை அனுபவங்கள்

வைகைக்கரையாள்:

மகள் பதினொன்றாம் வகுப்பு. இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளில் அமெரிக்க இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய ஆண்டு அதுதான். நேற்று இரவு அவள் மேசையில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதை ஒன்றைப் பற்றிய கட்டுரையின் முதல் வரைவு கிடந்தது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்த “அதனால் என்ன?” (நீ சொன்னதால் கவிதையைப் பற்றி என்ன தெரிகிறது?) என்ற கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேட்கப்பட்டது அவளை, வியர்த்தது எனக்கு.

மதுரையில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு நியூஜெர்சிக்கு வந்தவள் நான். தமிழ்த் தாளில் ‘நயம் பாராட்டுக’ வந்தால் என்னை அசைக்க ஆள் கிடையாது. மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பாட்டிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து அடிக்கோடிட்டு, “கற்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்கிறது” என்று முடித்தால் முழு மதிப்பெண்ணும் வீட்டுக்கு வந்துவிடும்.

இங்கே முதல் கட்டுரைக்கு அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ கொடுத்தார்கள். 1915இல் வெளிவந்த கவிதை. காட்டில் இரண்டாகப் பிரியும் பாதையின் முன் ஒருவன் நிற்கிறான். எனக்கென்ன பயம்? மதுரைச் சரக்கை அப்படியே இறக்கினேன். இயைபு எழுதினேன், இயற்கை வருணனை எழுதினேன். ஊரோடு ஒத்துப் போகாமல் தனி வழி போனவனே வெல்வான் என்று கவிஞர் அழகுற அறிவுறுத்துகிறார் என்று முடித்தேன். தாள் திரும்பி வந்தபோது ஐந்து இடத்தில் “அதனால் என்ன?”. கடைசியில், “இரண்டாம் பத்தியை மறுபடி படி.”

படித்தேன். தான் எடுத்த பாதை புல் மண்டிக் கிடந்தது என்கிறான். அடுத்த மூச்சிலேயே, உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்தவைதாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறான். மூன்றாம் பத்தியில் இரண்டின் மேலும் மிதிபடாத இலைகள். அப்படியானால் ஆள் நடமாட்டம் குறைந்த அந்தப் பாதை எங்கே இருக்கிறது? கடைசிப் பத்தியில் மட்டும். அதுவும், பல காலம் கழித்து நான் பெருமூச்சோடு இப்படிச் சொல்வேன் என்கிறான். பிற்காலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லப்போகும் கதையை ஆள் இப்போதே தயார் செய்கிறான்! எந்த வழியில் போனாலும் மற்ற வழியில் போயிருக்கலாமே என்று வருந்தும் தன் நண்பர் எட்வர்ட் தாமஸைச் செல்லமாகக் கிண்டல் செய்யவே ஃபிராஸ்ட் இதை எழுதினார் என்பது பிறகுதான் தெரிந்தது. நானோ அதிலிருந்து திருக்குறள் உரை எடுத்திருந்தேன்.

இரண்டாம் முறை முதல் வரியிலேயே, “இது துணிச்சலைப் பாடும் கவிதை அன்று, நடந்து முடிந்ததற்குப் பின்னால் காரணம் கட்டும் மனித வழக்கத்தைப் பற்றியது” என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. பெரிய கவிஞரைப் பாராட்டாமல் விட்டது ஒரு குற்றம் போலவே இருந்தது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

எடிசன் தம்பி:

அக்கா, நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஆனாலும் அடி வாங்கினேன். எங்கள் வகுப்பில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’. 1925இல் வந்த நாவல். அதில் நாயகன் கேட்ஸ்பியின் வீட்டிலிருந்து பார்த்தால், விரிகுடாவுக்கு அக்கரையில், அவன் ஏங்கும் டெய்ஸியின் படகுத்துறையில் ஒரு பச்சை விளக்கு எரியும். வகுப்பில் முப்பது பேரும் “பச்சை விளக்கு அமெரிக்கக் கனவின் குறியீடு” என்று எழுதிக் கொடுத்தோம். ஆசிரியை தாள்களை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பருவம் முழுவதும் ‘குறியீடு’ என்ற சொல்லுக்கே தடை போட்டார். குறிக்கிறது என்று சொல்லாதே, அது கதையில் என்ன செய்கிறது என்று சொல் என்றார்.

வேறு வழியில்லாமல் விளக்கு வரும் இடங்களையெல்லாம் தேடிப் பிடித்தேன். முதல் அத்தியாய முடிவிலும் நாவலின் முடிவிலும் வருவது எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் அத்தியாயத்தில் வருவதை யாரும் கண்டுகொள்வதில்லை. டெய்ஸி பக்கத்தில் வந்து நின்றதும் அது வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது; கேட்ஸ்பிக்கு மாயப்பொருள்களில் ஒன்று குறைந்துவிட்டது என்று கதைசொல்லி நிக் கணக்குப் பார்க்கிறான். கைக்கு எட்டியதுமே மங்கிவிடும் ஆசை என்பதை வைத்து மூன்று பக்கம் எழுதினேன். பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி இலக்கியத் தேர்வில் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. 2 மணி நேரத்தில் 3 கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ள 6 புள்ளிகளில் 4, சான்றுக்கும் அதை விளக்குவதற்கும். கதைச் சுருக்கம் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தேறாது.

சேலத்துக்காரன்:

கதையில் செத்தவனைக்கூட நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும் என்றார்கள். “கேட்ஸ்பி சுடப்படுகிறான்.” நண்பர்கள் திணறினார்கள். “கம்பர் கூறுகிறார்” என்றே எழுதிப் பழகிய எனக்கு அது ஒன்றுதான் அல்வா.

ஒஹாயோ அப்பா:

நான் எழுதியதில்லை, எழுதியவளோடு சண்டை போட்டவன். மகளுக்கு மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவல். ட்வெய்ன் 1835இல் மிசூரியில் பிறந்தார், இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ் என்று தொடங்கச் சொன்னேன். நூலாசிரியர் குறிப்பு இல்லாமல் ஒரு கட்டுரையா? “அப்பா, அதை யாரும் கேட்கவில்லை” என்றாள்.

அடுத்த சண்டை சாப்பாட்டு மேசையில். 31ஆம் அத்தியாயத்தில், தன்னோடு தப்பி வந்த அடிமை ஜிம் இருக்கும் இடத்தை அவனுடைய சொந்தக்காரிக்குத் தெரிவிக்கக் கடிதம் எழுதிய சிறுவன் ஹக், அதைக் கிழித்துப் போடுகிறான். அடிமைமுறை தவறென்று பையன் உணர்ந்துவிட்டான், அதை எழுது என்றேன். “உணரவே இல்லையே” என்றாள். “தான் செய்வது பாவம் என்றே நம்புகிறான். நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்றுதான் கிழிக்கிறான். நல்லதைச் செய்பவனே அதைப் பாவமென்று நினைக்கும்படி ஊர் அவனை வளர்த்திருக்கிறது. அதுதானப்பா கட்டுரை.” அமெரிக்காவில் அந்த நாவல் வந்தது 1885இல், அடிமைமுறை ஒழிந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒழிந்துபோன ஒன்றைப் பற்றி ஏன் எழுதினார் என்ற கேள்வியையும் அவளே கேட்டு அவளே பதில் எழுதினாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டு சும்மா இருந்தேன்.

மழைக்குருவி:

வைகை அக்கா, டிக்கின்சன் என்றதும் என் அவமானம் ஞாபகம் வந்துவிட்டது. மரணம் வண்டி ஓட்டிவந்து அழைத்துப்போகும் கவிதை. பாடநூலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை அச்செடுத்தேன். பள்ளிக்கூடம், வயல், அந்திச் சூரியன், கல்லறை என்று பயணம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆகவே இந்தக் கவிதையில் மரணத்தின் மேல் அச்சமே இல்லை என்று அடித்துப் பேசியிருந்தேன். ஐந்து பத்திகளின் அமைதியான ஒழுங்கு என்று வேறு புகழ்ந்திருந்தேன்.

ஆசிரியர் எழுதியது ஒரே வரி: “ஆறாவது எங்கே?”

எனக்குக் கிடைத்தது 1890ஆம் ஆண்டுப் பதிப்பு. டிக்கின்சன் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. பதிப்பித்தவர்கள், அவர் நிறுத்தற்குறிகளாகப் போட்டிருந்த சிறு கோடுகளைச் சீராக்கி, தாங்களாக ஒரு தலைப்பு சூட்டி, நான்காம் பத்தியை மொத்தமாக விட்டுவிட்டார்கள். விடுபட்ட பத்தியில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் சூரியனைக் கடந்தோம் என்றவள், இல்லை, அவன்தான் நம்மைக் கடந்தான் என்று திருத்துகிறாள். பனி இறங்குகிறது, மேலே மெல்லிய துணி மட்டும், குளிர் நடுக்குகிறது. அச்சமே இல்லை என்று நான் எழுதிய கட்டுரையில் அந்த நடுக்கத்தை மட்டும் காணோம். 1955இல் தாமஸ் ஜான்சன் கையெழுத்துப் படிகளைப் பார்த்துப் பதிப்பித்தபோதுதான் கோடுகளும் முறையாகத் திரும்பி வந்தன.

வைகைக்கரையாள்:

மழைக்குருவி, வண்டியில் மரணம் வரும் அதே கவிதைதான். இப்போது இரவு 11.40. மகளின் தாளோடு பின்குத்தியிருந்த பிரதியை எடுத்து எண்ணினேன். ஐந்து. எழுப்பப் போகிறேன்.