புதுப்பிப்பு: பட்டிப்பொளை சைக்கிள் பயணம் போய் வந்தாச்சு

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல வழியாகப் பட்டிப்பொளைக்குச் சாதாரண கியர் சைக்கிளில் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். போனோம், ஏழு பேர். காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள் என்று சொன்ன அண்ணாவுக்குக் கோடி நன்றி, பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கி முன்னால் போகிறவரின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரிந்தது.

அம்பேவெலவில் புல்வெளி, மாடுகள், காற்றாலைகள், எல்லாரும் போடுகிற போட்டோதான். அதை விடுங்கள். அதற்கப்பால் ஒரு வளைவில், கறுத்த முகமும் நரைத்த தாடியுமாக ஒரு மந்தி, மடியில் குட்டியோடு, எங்கள் மூச்சிரைப்பைக் கேட்டு எழும்பக்கூட இல்லை, கொழுந்து இலையை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றுகொண்டே எங்களை எண்ணுவதுபோல் பார்த்தது.

பட்டிப்பொளை இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம், 1,890 மீட்டருக்குக் கிட்ட. பக்கத்துக் கடையில் இஞ்சித் தேத்தண்ணியும் ரொட்டியும் கட்டசம்பலும். அதற்கு மேல் ஹோர்டன் சமவெளி ஏற்றம் வேண்டாமென்று திரும்பிவிட்டோம், வெட்கமில்லை.

ஏற்றத்தைப் பற்றித்தான் பயந்தேன், காலை வாரியது இறக்கம். ஈர ரோட்டில் பிரேக் கட்டை தேய்ந்து, கடைசி ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். போகிறவர்கள் புதுக் கட்டை மாட்டிக்கொண்டு போங்கள்.