அயர்லாந்து பிரவுன் பிரெட் நடுவில் வேகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கிறேன். இங்கே வீடுகளில் சுடுகிற பிரவுன் சோடா பிரெட்டை நானும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை. மேலோடு மொறுமொறுவென்று நன்றாக வருகிறது. ஆனால் வெட்டினால் நடுப்பகுதி பிசுபிசுவென்று இருக்கிறது.

என் அளவு: கொரகொரப்பான முழுக்கோதுமை மாவு 225 கிராம், மைதா 225 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், கடையில் விற்கும் கெட்டியான பட்டர்மில்க் 400 மில்லி. ஈஸ்ட் கிடையாது. பட்டர்மில்க்கின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து உண்டாகும் வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. அதனால் அதிகம் பிசையாமல் வட்டமாகச் சேர்த்து, மேலே ஆழமாகச் சிலுவைபோல் கீறி, உடனே ஓவனில் வைத்துவிடுகிறேன். ஃபேன் ஓவன் (உள்ளே விசிறி சுழலும் வகை), 200 டிகிரி செல்சியஸ், 40 நிமிடம். அடியில் தட்டினால், வெந்துவிட்டதற்கு அடையாளமான 'டொக் டொக்' சத்தமும் வருகிறது, அதுதான் குழப்பமே!

ஃபேன் ஓவனுக்கு 200 அதிகமா? முதல் 15 நிமிடத்துக்குப் பிறகு 180க்குக் குறைக்கலாமா? பட்டர்மில்க்கை 350 மில்லி ஆக்கினால் வறண்டுவிடுமா? லோஃப் டின்னில் (நீள்சதுர ரொட்டி அச்சில்) சுடுகிறவர்கள் எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்? அப்புறம், மேலோடு மெத்தென்று ஆவதற்காகச் சூட்டோடு துணியில் சுற்றி வைக்கிறேன். அந்த நீராவிதான் காரணமோ என்றும் சந்தேகம்.

ஓட்ஸ், விதைகள், ட்ரீக்கிள் (கருப்பான சர்க்கரைப் பாகு) எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெறும் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிற எளிய ரொட்டிதான் முதலில் வேண்டும். இங்குள்ள ஐரிஷ் வீடுகளில் நேரில் பார்த்துக் கற்றவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.