சாயங்காலமும் ஆபரேஷன் தியேட்டரை ஓட்டினால் நோயாளிகளின் வரிசை குறையுமா?

கொல்லங்கோடு மக்கா: மாமாவுக்கு ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறார்கள். மதியத்துக்கு மேல் தியேட்டர் பூட்டிக் கிடக்கிறது. இரவு எட்டு மணி வரை ஓட்டினால் என்ன? அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். நம் ஊரில் மட்டும் ஏன் முடியாது?

தியேட்டர் சிஸ்டர்: தம்பி, கண்புரைக்குக் கண்ணோரம் ஊசி போட்டு மரக்கவைத்தால் போதும். ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி. மயக்க டாக்டர் கடைசிவரை பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவசர சிசேரியன் வந்தால் அவர் அங்கே ஓடுவார். சர்ஜன் கை கழுவி, கவுன் மாட்டி, சும்மா நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கொல்லங்கோடு மக்கா: வெளியிலிருந்து மயக்க டாக்டரை அழைக்கலாமே அக்கா? முதலமைச்சர் காப்பீட்டுப் பணம் அரசு ஆஸ்பத்திரிக்கும் வருகிறதுதானே.

பெயர் வேண்டாம் டாக்டர்: அழைக்கலாம். ஆனால் சாயங்கால ஷிஃப்டுக்கு யார்? இரவு டூட்டி முடித்தவரே காலையில் ஓபியில் உட்கார்கிறார். 2019-இல் அரசு டாக்டர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் சம்பளத்தை மட்டுமா கேட்டோம்? நோயாளிகள் கூட்டத்துக்கு ஏற்பப் பணியிடம் வேண்டும் என்றும்தான் கேட்டோம். ஆள் போடாமல் நேரத்தை நீட்டினால் தூக்கக் கலக்கத்தில்தான் கத்தி பிடிக்க வேண்டிவரும்.

தியேட்டர் சிஸ்டர்: ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா, சார்? காலையில் ரத்தாகும் கேஸ்களைப் பாருங்கள். ஒருவருக்கு சுகர் எகிறியிருக்கும். இன்னொருவர் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருவார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் வீட்டுக்கே போய் பிபி, சுகர் பார்க்கிறார்கள். ஆபரேஷன் பட்டியலை அவர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள்.

குளச்சல் அண்ணாச்சி: அதெல்லாம் இருக்கட்டும். எதற்கெடுத்தாலும் ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதானா? மேற்கே உள்ளவர்கள் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கே போய்விடுகிறார்கள். ஹெர்னியா மாதிரி சின்ன கேஸ்களைக் குழித்துறை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாள் வைத்தால், பெரிய கேஸ்களுக்கு ஆசாரிபள்ளத்தில் இடம் கிடைக்கும்.

பெயர் வேண்டாம் டாக்டர்: நல்ல யோசனைதான் அண்ணாச்சி. அந்த ஒரு நாளுக்கு மயக்க டாக்டர்?

குளச்சல் அண்ணாச்சி: தக்கலை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புங்கள்.

தியேட்டர் சிஸ்டர்: அன்றைக்குத் தக்கலையில் சிசேரியன் வந்தால்?