பொருள்: ஒரு கப்புக்கு இத்தனை கிராம் – இதற்கு ஒரு சொல் வேண்டும்

சென்னையிலிருந்து:
நண்பர்களே, சமையல் செயலி ஒன்றின் தமிழ்ப் பதிப்பை நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும். கிராமைத் தட்டினால் கப் கணக்கு சொல்லும் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 240 மி.லி. கப்பில் தண்ணீர் 240 கிராம், சர்க்கரை சுமார் 200, மைதா 120 சொச்சம். பொருளுக்குப் பொருள் மாறும் இந்த எண்ணுக்கு என்ன தலைப்பு? ‘அடர்த்தி’ என்றால் குழம்பு கெட்டியா என்று கேட்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
அளவையும் நிறையையும் தொல்காப்பியமே பிரித்துவிட்டது: ‘அளவிற்கும் நிறையிற்கும் மொழிமுதல் ஆகி’. அளவுப்பெயர்களுக்கு அதன் உரையாசிரியர் இளம்பூரணர் காட்டும் வரிசையைப் பாருங்கள்: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. அகல்கூட அன்று அளவைதான்! முகந்து அளப்பது முகத்தல். எனவே ‘முகவை நிறை’.

மதுரையிலிருந்து:
முகவை என்றால் எங்கள் பக்கம் இராமநாதபுரம், ஐயா. மாவட்டத்தையா நிறுக்கப் போகிறோம்? கொள்ளளவு இருக்கிறதே, ‘கொள்ளெடை’ என்றால் என்ன?

கோவையிலிருந்து:
மனையியல் வகுப்பில் ‘கொள்ளெடை’ என்று எழுதினால் பிள்ளைகள் கொள்ளுப் பயறை நிறுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சொல் கிடக்கட்டும். மைதாவைச் சலித்து, கப்பில் தூவி, கத்தியால் தலைதட்டினால் 115 கிராம் அளவில் நிற்கும். பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அள்ளினால் அதே கப் 140-ஐத் தாண்டும். ‘ஆழ அமுக்கி முகக்கினும்’ நாழி நானாழி ஆகாது என்று ஔவை சொன்னது கடல்நீருக்கு. மாவு அமுங்கும். எப்படி அளந்தது என்று சொல்லாமல் எந்தப் பெயர் வைத்தும் கேக் கல்லாகத்தான் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பக்கம் அரிசி இன்னும் சுண்டு எண்ட முகத்தல் அளவைக் கணக்குத்தான். ‘படியெடை’ எண்டு வைச்சால் ஆருக்கும் விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
படி என்பது எட்டு ஆழாக்கு. இந்தக் கப்போ ஒன்றரை ஆழாக்குக்கும் குறைவு. அதற்குப் படி என்று பெயரா?

மதுரையிலிருந்து:
சரி, கப் என்றே இருக்கட்டும். ‘கப் எடை’. அடுப்படியில் நிற்பவர் அகராதி புரட்ட மாட்டார்.

கோவையிலிருந்து:
எனக்கும் சம்மதம். ‘தலைதட்டி அளந்தது’ என்று பக்கத்தில் கட்டாயம் போடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
படியெடைதான் வடிவு. ஆனாலும் சரி.

சென்னையிலிருந்து:
‘கப் எடை (தலைதட்டி)’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:
‘கப் எடை’ என்றால் வெறுங்கப்பின் எடை என்றுதான் பொருள்படும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். ‘தூதை’ பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. தனி மடலில் எழுதுகிறேன்.