கடைசி ஸ்டேஜில் இருக்கும் நண்பனிடம் பரலோகத்தைப் பற்றிப் பேசலாமா?

தேரிக்காட்டான்:
கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

என் கூட்டாளி ஒருத்தன். ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். வயசு 43. கணையத்துல கேன்சர், ஈரலுக்கும் பரவியாச்சு. இனி கீமோ வேண்டாம், வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லி மூணு வாரம் ஆகுது. போன சனிக்கிழமை போயிருந்தேன். அவன் வீட்டுக்காரி காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடிச்சு, "ஏலேய், பரலோகம்னு ஒண்ணு நெசமாவே இருக்கால?"ன்னு கேட்டான். சண்டே ஸ்கூல்ல எனக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ஜெபக்குழு அக்கா ஒருத்தங்க உள்ளே வந்து, "இந்த வீட்ல அந்தப் பேச்சே கூடாது, தம்பி எழும்பி நடப்பான்"னு சொல்லிட்டாங்க. அவன் கையை எடுத்துக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்.

மறுபடி போகணும். என்ன சொல்ல?

ஜெபவீரன்77:
ஸ்தோத்திரம் பிரதர். அந்த அக்கா சொன்னதுதான் சரி. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" (நீதி. 18:21). நீங்க பரலோகத்தைப் பத்திப் பேசினா அவர் காதுல விழுறது "நீ சாகப் போறே" மட்டும்தான். சுவர்ப் பக்கம் திரும்பினார்னு எழுதுனீங்களே, வேதத்துல அப்படித் திரும்பினது யாரு? எசேக்கியா ராஜா. சாகுற வியாதியில கிடந்தப்போ அழுது ஜெபம் பண்ணினார், 15 வருஷம் கூடக் கிடைச்சுது. உங்க சிநேகிதருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

பகுத்தறிவு நெல்லை:
தோழர் தேரி, ரெண்டு பேச்சுமே வேண்டாம். ஒருத்தர் 15 வருஷம் தர்றேங்குறார், இன்னொருத்தர் நித்திய காலம் தர்றேங்குறார். கிடைக்கலைன்னா திரும்பி வந்து கேட்க ஆள் இருக்க மாட்டார் என்பதால் இது ரொம்பச் சௌகரியமான வாக்குறுதி.

எங்க அப்பா இறந்தப்போ வந்தவங்க எல்லாரும் "நல்ல இடத்துக்குப் போயிட்டார், அழக்கூடாது"ன்னாங்க. எங்க அம்மா அழவே இல்லை. மூணு வருஷம் கழிச்சு ஒருநாள் ரேஷன் கார்டுல அப்பா பேரை எடுக்கப் போன இடத்துல, தாலுகா ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து அழுதாங்க. அதனாலதான் சொல்றேன். தெரியாததைத் தெரியும்னு சொல்லாதீங்க.

தேரிக்காட்டான்:
நெல்லை அண்ணாச்சி, அம்மா விஷயம் படிச்சு மனசு கஷ்டமாயிட்டு. ஆனா "அழக்கூடாது"ன்னு எங்க வேதம் சொல்லலை. செத்துப்போன லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே வந்த இயேசு, கல்லறைக்குப் போற வழியில கண்ணீர் விட்டார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும், நம்பிக்கையில்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் எழுதினார். துக்கமே படாதீங்கன்னு எழுதலை. நம்ம சனங்க அதுல பாதியை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டாங்க.

மர்காஷிஸ் வாத்தியார்:
ஜெபவீரன் ஐயா, எசேக்கியா கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். 2 இராஜாக்கள் 20-இல் முதல் வசனம் என்ன? ஏசாயா தீர்க்கதரிசி நேரே போய், வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும், நீர் பிழைக்கமாட்டீர் என்று சொல்கிறார். மறைக்கவில்லை. குணமானபோதும் புண்ணின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போட்டார்கள். அதுவும் ஒரு வைத்தியந்தானே?

குணமாகாதவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோ. 4:20). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்பீர்களா?

இன்னொன்று. பரலோகம் என்று சொல்லும்போது மேகத்தின்மேல் ஆத்துமா மிதப்பதுபோல் நம்மவர்கள் கற்பனை செய்கிறார்கள். வெளிப்படுத்தல் 21-இல் மனிதர் மேலே ஏறிப்போவதில்லை, புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது. நம் நம்பிக்கை சரீர உயிர்த்தெழுதல். இதை நண்பருக்குத் தெளிவாக

வார்டு அக்கா:
வாத்தியாரே, மன்னிச்சுக்கோங்க, பாதியிலேயே குறுக்கிடுறேன். கணையப் புற்றுநோயில படுத்திருக்கவருக்கு வேதாகமக் கல்லூரி வகுப்பு வேண்டாம்.

நான் வலி தணிப்புச் சிகிச்சை வார்டில் நர்ஸ். தம்பி தேரி, முதல்ல ஒண்ணு கேக்குறேன். வலிக்கு என்ன குடுக்குறாங்க? மார்ஃபின் நேரத்துக்குப் போகுதா? "கர்த்தர் பாத்துக்குவார்"னு மாத்திரையை நிறுத்துற வீடுகளைப் பாத்திருக்கேன். வலியில துடிக்கிறவன் காதுல எந்த வசனமும் ஏறாது.

சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா. நர்சா இருந்து, பிறகு சமூகப்பணி, அப்புறம் டாக்டராகி, 1967-ல் லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸை, அதாவது சாகக் கிடக்கிறவங்களைப் பாத்துக்குற இல்லத்தை, தொடங்கினாங்க. அழுத்தமான கிறிஸ்தவ விசுவாசி. சாகக் கிடக்கிறவர் வலியில உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா நாலும் பின்னிக் கிடக்கும்னு அவங்கதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. உங்க நண்பர் கேட்ட கேள்வி எந்த வலியிலிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அதனால பதில் சொல்ல அவசரப்படாம, "ஏன்டா கேக்குற?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. அதுதான் கஷ்டம்.

முத்துநகர்:
நாங்க கத்தோலிக்கர். எங்க பக்கமும் இதே கதைதான். அந்தக் காலத்துல 'அவஸ்தைப்பூசுதல்'னு பேரு. சாமியார் எண்ணெயோட தெருவுல வந்தாலே ஆள் போயாச்சுன்னு அர்த்தம். 1963-ல் வத்திக்கான் சங்கம், அது சாகுற நேரத்துக்கு மட்டுமானது இல்லை, 'நோயில்பூசுதல்'னு சொல்றதே பொருத்தம்னு சொல்லிடுச்சு. ஆனா எங்க பெரியம்மா கடைசி வரைக்கும் சாமியாரை வீட்டுக்குள்ள விடல. "நான் இன்னும் சாகலியே"ன்னாங்க. பேரை மாத்தினாலும் பயம் மாறணுமே.

ஜெபவீரன்77:
வாத்தியார் ஐயா, துரோப்பீமு வசனத்தை மறுக்கல. ஆனா எங்களைப் பாத்தா மாத்திரையை நிறுத்துற கூட்டம்னு எல்லாரும் முடிவு பண்ணிடுறீங்க. என் மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்போ ஐசியூ வாசல்ல 11 நாள் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். மருந்தும் நடந்துச்சு, ஜெபமும் நடந்துச்சு. இன்னைக்கு அவ ஸ்கூலுக்குப் போறா. "ஆண்டவர் சித்தம், பரலோகம் போவா"ன்னு அன்னைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்.

பகுத்தறிவு நெல்லை:
இதைக் கேட்டதும் வாதம் பண்ண மனசு வரல, ஜெபவீரன். பாப்பா நல்லாருக்கட்டும்.

தேரி, நர்ஸ் அக்கா சொன்னதை மட்டும் நானும் ஒத்துக்கிறேன். ஆனா அவர் திருப்பி "நீ நம்புறியா?"ன்னு கேட்டா என்ன செய்வீங்க?

தேரிக்காட்டான்:
நம்புறேன்னு சொல்வேன். சில ராத்திரி நம்ப முடியலைன்னும் சொல்வேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு மாற்கு 9-ல ஒரு தகப்பன் கதறுறானே, எனக்கு அதுக்கு மேல தெரியாது.

மர்காஷிஸ் வாத்தியார்:
அக்கா சொன்னது நியாயம். வகுப்பெடுப்பது எனக்குப் பழகிப்போன நோய். ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 1678-இல் வந்த ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத்தான், நம் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற தமிழ்க் காப்பியமாக்கினார். பனியனின் கதையில், பரம நகரத்துக்கு முன்னால் பாலமில்லாத ஆறு ஒன்று வரும். அத்தனை தூரம் நடந்து வந்த கிறிஸ்தவன் அதில் அமிழ்ந்துபோகிறான், எல்லாம் இருட்டாகிவிடுகிறது. கூட இறங்கிய தோழன்தான் அவன் தலையைத் தண்ணீருக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கால் தரை தட்டுகிறது என்கிறான். அந்தத் தோழனும் தண்ணீருக்குள்தான் நிற்கிறான், தம்பி. கரையிலிருந்து கத்தவில்லை.

தேரிக்காட்டான்:
போயிட்டு வந்தேன்.

மார்ஃபின் நேரத்துக்குக் குடுக்குறாங்க அக்கா. ஜெபக்குழு அக்காவை அவன் வீட்டுக்காரியே மெல்லத் திண்ணைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. "ஏம்ல அன்னைக்குக் கேட்ட?"ன்னேன். ரொம்ப நேரம் பேசலை. நானும் பேசலை, ஃபேன் சத்தம்தான். அப்புறம் சொன்னான், ரெண்டு மாசமா அவனால ஜெபமே பண்ண முடியலியாம். வாயில வார்த்தை வரலியாம். "இப்படியே போனா உள்ளே விடுவாங்களால?" இதுதான் அவன் கேள்வி. நான் பரலோகம் உண்டா இல்லையான்னு வாரம் பூரா மண்டையை உடைச்சிட்டிருந்தேன்.

உனக்கும் சேத்து நான் பண்ணுதேன், நீ படுத்துக்கிடன்னேன். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேரு கூரையைப் பிரிச்சு இயேசு முன்னால இறக்கினாங்களே, அவன் என்ன ஜெபம் பண்ணினான்னு கேட்டேன். சிரிச்சான்.

அப்புறம் பீரோவைத் திறக்கச் சொன்னான். வீட்டுப் பட்டா, எல்ஐசி நாமினி, மகனோட ஃபீஸ் கணக்கு, எல்லாத்தையும் நோட்டுல எழுதினோம். முடிச்சதும் யோவான் 14 வாசிக்கச் சொன்னான். "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு", அதோட நிறுத்தப் போனேன், மேல வாசின்னான். அஞ்சாவது வசனம்: "ஆண்டவரே, நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை நாங்கள் எப்படி அறிவோம்". கேட்டது தோமா, நம்ம பரங்கிமலையில இறந்ததாச் சொல்றாங்களே, அந்தச் சீடர். "பரங்கிமலைக்காரருக்கே தெரியலியாம்ல"ன்னான். அப்படியே தூங்கிட்டான்.

அடுத்த வாரம் வரும்போது நுங்கு வாங்கிட்டு வரணுமாம். உடன்குடிப் பக்கம் இப்போ கிடைக்குமா?

ஜெபவீரன்77:
என் மச்சானுக்கு அங்கே பனை இருக்கு பிரதர். வெள்ளிக்கிழமையே வெட்டச் சொல்றேன், நானே கொண்டுவரேன். வந்தா ஒரு சின்ன ஜெபம் பண்ணுவேன், சுகத்துக்குத்தான் பண்ணுவேன். சரியா?

தேரிக்காட்டான்:
பண்ணுங்க. எளசாப் பாத்து எடுத்துட்டு வாங்க, அவனால மெல்ல முடியாது.