கோத்தகிரிக் குளிரில் கம்ப்யூட்டர் வேலை: விரல் மரப்பு, கண் உறுத்தல், கரி அடுப்பு

தேயிலைமேடு:
காலை 6 மணி ஷிஃப்ட், வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப் இருக்கிறது 30 அங்குல உயர சாப்பாட்டு மேஜையில், நாற்காலி பிளாஸ்டிக். என் உயரம் 5 அடி 2. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது. 2000 வாட்ஸ் ஃபேன் ஹீட்டர் போட்டா அரை மணியில் கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தல். லேப்டாப் மூடியைத் தொட்டா சுர்ருங்குது. ஹீட்டருக்குப் பதிலா அறைக்குள்ள கரி அடுப்பு வெச்சுக்கலாமுங்களா?

மலைக்காற்று:
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடவே கூடாது. ஜன்னலைச் சாத்திட்டு கரி வெச்சா கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கி கரி சிவந்துட்டா பயமில்லைன்னு நினைப்பாங்க. அப்பவும் அது வந்துட்டேதான் இருக்கும். ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாப் பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், அசதி. ஸ்க்ரீன் பார்த்த களைப்புதானேன்னு மேஜையிலேயே தலை சாய்ப்பீங்க, அதுதான் ஆபத்து. அப்படித் தோணினா உடனே வெளியே வந்து 108-ஐக் கூப்பிடுங்க.

நரம்புமுடிச்சு:
சுண்டுவிரல், மோதிர விரல்னா குளிர் மட்டும் காரணம் இல்லை. முழங்கையை இடிச்சா விர்ருன்னு பாயுமே, அந்த அல்னார் நரம்பைப் பாருங்க. முழங்கையை மேஜை விளிம்புல ஊன்றினாலும், நேரக்கணக்கா மடக்கியே வெச்சாலும் அது நசுங்கும். (கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தா மணிக்கட்டைச் சந்தேகப்படணும்.)

உங்க உயரத்துக்கு, உட்கார்ந்தா முழங்கை தரையிலிருந்து சுமார் 25 அங்குலத்துல இருக்கும். மேஜை 30. அஞ்சு அங்குலம் தோளைத் தூக்கித்தான் தட்டச்சு பண்றீங்க. அமுங்காத கெட்டி மெத்தையோ மடிச்ச ஜமக்காளமோ போட்டு உட்காரும் இடத்தை அஞ்சு அங்குலம் ஏத்துங்க. காலுக்கு அதே உயரத்துல பலகை. சில்லுன்னு இருக்கிற தரையும் காலுக்குப் படாது. தனி கீபோர்டு வாங்கி, லேப்டாப்பை மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர்ற மாதிரி உயர்த்துங்க.

விரல்நுனி இல்லாத கையுறை சரிதான், ஆனா முன்கையும் மூடியிருக்கணும். அது குளிர்ந்தா விரலுக்குப் போற ரத்தமும் குறையும். பிடி தளர்ந்து டம்ளர் நழுவினா தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க.

வயர்மேன்:
ஃபேன் ஹீட்டர் காத்து முகத்துக்கு வருதுன்னா கண் காயத்தான் செய்யும். ஸ்க்ரீன் பார்க்கும்போது இமைக்கிறதும் பாதியாக் குறையும். எண்ணெய் நிரப்பின ஹீட்டர்ல காத்து வீசாது, விலைதான் கூட. இல்லைன்னா துணி உறை போட்ட வெந்நீர்ப் பையைப் பாதத்துக்குக் கீழே வெச்சுக்கோங்க. ரூமைச் சுட வைக்கிறதைவிட ஆளைச் சுட வைக்கிறது மலிவு. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்துல இருக்கிறதை 20 வினாடி பாருங்க. ஜன்னல் ஸ்க்ரீனுக்குப் பின்னால இருக்கா? மூடுபனி நாள்ல அது வெள்ளை ட்யூப்லைட் மாதிரி கூசும், பக்கவாட்டுல வர்ற மாதிரி மேஜையைத் திருப்புங்க.

2000 வாட்ஸ்னா 230 வோல்ட்டுல கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டா பின் சுட்டு பிளாஸ்டிக் உருகும். சுவர்ல 16 ஆம்பியர் சாக்கெட்தான்.

சுர்ருங்கிறது அனேகமா எர்த் இல்லாததால. அடாப்டருக்குள்ள இருக்கிற ஃபில்டர் கசியவிடும் சின்ன மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாம உலோக மூடிக்கு வருது. ஈரத் தரையில வெறுங்கால்னா நல்லாவே தெரியும். எலக்ட்ரீஷியனை விட்டு மீட்டர்ல பார்க்கச் சொல்லுங்க: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டுற அளவே வரணும். 100-120 வோல்ட்னு ஆடினா எர்த் அறுந்திருக்கு. பாறை நிலத்துல எர்த் குழி நல்லா அமையறதும் கஷ்டம். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானா கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னும் பாருங்க.

தேயிலைமேடு:
அடாப்டர் மூணு பின்தானுங்க. ஆனா பாக்ஸோட பிளக் ரெண்டு பின். ஹீட்டரும் அதுலதான்.

வயர்மேன்:
அதாங்க விஷயம். ஹீட்டரை இப்பவே கழட்டுங்க. லேப்டாப்புக்கு மூணு பின் பிளக் வெச்ச பாக்ஸ் வாங்குங்க. அப்பவும் சுர்ருன்னா சுவர் சாக்கெட்டையே பார்க்கணும்.