ஐயாவோட அம்பாசடரா, எர்டிகாவா? எதை வச்சுக்கிறது?

பள்ளத்தூர்ப் பேரன்:
எங்க ஐயா (தாத்தா) 1968ல வாங்கின அம்பாசடர் மார்க் 2 பள்ளத்தூர் வீட்டு ஷெட்ல நிக்குது, ஓடுற நிலையிலதான். காரைக்குடியில நாங்க வச்சிருக்கிறது 2022 எர்டிகா. "எர்டிகாவைக் கொடுத்துட்டு இதையே ஓட்டுவோம், இந்தத் தகடு அதுல உண்டா?"ங்கிறாக அப்பச்சி (எங்க அப்பா). எனக்கும் அந்த வண்டி மேல உசுரு. சோக்கை இழுத்து இன்ஜின் பிடிக்கிற சத்தம் கேட்டாலே ஐயா முகப்புல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

போன ஞாயிறு பிள்ளையார்பட்டிக்கு அதுலதான் போனோம். முன்சீட்டு ஒரே பெஞ்சு. நான், நடுவுல மக, ஓரத்துல அப்பச்சி. குன்றக்குடி தாண்டி மாடு குறுக்க வந்துச்சு. பிரேக்கை அழுத்தி மிதிச்சேன், வண்டி இடப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போய் நின்னுச்சு. அப்பச்சி கையை நீட்டித் தடுக்கலைன்னா பிள்ளை டாஷ்போர்டுல மோதியிருக்கும். அன்னையிலேருந்து எனக்குச் சரியாத் தூக்கமில்லை.

தேவகோட்டை மெக்கானிக்:
தம்பி, இடப்பக்கம் இழுத்துச்சுன்னா வலது பக்கம் பிரேக் சரியாப் பிடிக்கலை. வலது முன் சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழத்திப் பாருங்க, பிரேக் கட்டையைத் தள்ளுற வீல் சிலிண்டர் ஒழுகி, கட்டை மேல இருக்கிற லைனிங் ஆயில்ல நனைஞ்சிருக்கும். நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான், ஒரு இடத்துல ஆயில் போனா மொத்தமும் போயிரும். எர்டிகாவுல அப்படியில்லை, சக்கரம் பூட்டிக்காமப் பிரேக் பிடிக்கிற ஏபிஎஸ்ஸும் இருக்கு.

தகடு கனம்னு நம்பாதீங்க. எடையில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். புது வண்டியோட மூக்கு நசுங்கி இடியை வாங்கிக்கும். இது நசுங்காது, இடி உள்ள இருக்கிறவுக மேல இறங்கும்.

இன்னொண்ணு, இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பு உள்ள இருக்கிற டயாப்ரம் சவ்வு எல்லாத்தையும் அதுக்குத் தாங்குற ரப்பரா மாத்துங்க. மாசக்கணக்கா நிறுத்துனா டேங்க்ல தண்ணி சேரும், வாரம் ஒருக்கா ஓட்டுங்க.

கானாடுகாத்தான் ஆச்சி:
நாங்க பிள்ளைகளும் பெரியவுகளுமா ஒன்பது பேர் அம்பாசடர்ல மதுரைக்குப் போவோம். சித்திரை வெயில்ல மேலூர் வந்தா வண்டி நின்னுரும். டிரைவர் பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி சுத்துவாக, சூடு ஆறினதும் கிளம்பும். அன்னைக்கு ரோட்டுல எதிர்ல வண்டியே கம்மி, தம்பி. இன்னைக்கு அந்த ரோட்டுல அப்படிப் போக எனக்கே மனசு வராது.

ஆர்.சி. புதுப்பிச்சவன்:
ஒரு எச்சரிக்கை. 50 வருஷம் தாண்டின, மாத்தாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ்னு பதியலாம், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். பதிஞ்சா தினம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஓட்டணும்னா சாதாரண ஆர்.சி.யையே (பதிவுச் சான்று) 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கங்க.

பள்ளத்தூர்ப் பேரன்:
டிரம்மைக் கழத்தினோம் அண்ணே, லைனிங் முழுக்க ஆயில். அப்பச்சிகிட்ட காட்டினேன், விரலால தொட்டுப் பார்த்தாக, ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் எர்டிகாவுல பேத்திக்கு பெல்ட்டை அவுகளே மாட்டிவிட்டாக. அம்பாசடரைக் கொடுக்கிறதா இல்லை. நாலு சக்கரத்து வீல் சிலிண்டரையும் மாத்திரணும், எப்ப கொண்டு வரலாம்?